கியூஆருக்குத் தெரியாத தொழில்

"கியூஆர் வந்தது, வரிசை போனது" எண்டு இப்பவும் பெருமையாகச் சொல்லுகிறார்கள். நாங்களும் அந்த வரிசைகளில் கிடந்தவர்கள்தான். 2022 ஓகஸ்ட் 1 இல் எரிபொருள் கோட்டா நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தபின் ஷெட் வாசலில் நித்திரை கொள்ளுற நிலை குறைந்தது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் பல துறைகளை ஒரே சேவையாக இணைப்பதற்கு அதுதான் முன்மாதிரி என்றால், எங்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

அந்தச் சேவை எதை இணைத்தது? வாகன இலக்கம், செசி இலக்கம், தேசிய அடையாள அட்டை, கைபேசி, எரிபொருள் நிலையம். எல்லாம் ஏற்கெனவே பதிவேட்டில் இருந்த விடயங்கள். பதிவேட்டில் இல்லாத ஒன்று தொழில். அதனால்தான் ஆரம்பத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். வீட்டில் சும்மா நிற்கிற காருக்கும் 20. ஹயர் ஓடிச் சீவிக்கிற ஓட்டோக்காரருக்கு 5. அது ஒரு நாள் ஓட்டத்துக்கே சரி. மிச்ச ஆறு நாளும் அவர் என்ன செய்வார் எண்டு அந்த மாதிரியை வரைந்தவர்கள் யோசிக்கவில்லை.

தோட்டத்துக்கு இறைக்கிற மிசினுக்கு இலக்கத்தகடு கிடையாது. படகு எஞ்சினுக்கும் கிடையாது. வாகனத்தை அலகாக எடுத்தால் இவை இரண்டும் படத்திலேயே இல்லை. பிறகுதான் அப்படியானவற்றுக்குத் தனிவழி தேடினார்கள்.

"அவசரகாலத்தில செய்தது, பிழை வரத்தானே செய்யும்" என்பார்கள். சரி. 2023 செப்டெம்பரில் கோட்டா நீங்கிவிட்டது. இப்போது என்ன அவசரம்? 2025 பெப்ரவரியில் கவ்பே வந்தது. டிஜிட்டல் அடையாள அட்டைக்கும் வேலை நடக்கிறது. நாளைக்கு வங்கி, வரி, நிவாரணம், வைத்தியசாலை எல்லாம் ஒரே இலக்கத்தில் தொங்கும். அப்போது ஒரு இடத்தில் பிழைத்தால் எல்லா இடத்திலும் பிழைக்கும். வங்கி திணைக்களத்தைக் காட்டும், திணைக்களம் 'சிஸ்டத்தை'க் காட்டும். சிஸ்டத்தோட யார் போய்க் கதைக்கிறது?

நாங்கள் தொழில்நுட்பத்துக்கு எதிரானவர்கள் இல்லை. கேட்பது இதுதான்: பதிவேடுகளை இணைக்க முதல் ஓட்டோ தரிப்பிடத்துக்கும் இறங்குதுறைக்கும் தோட்டத்துக்கும் போய், அங்குள்ளவர்களின் ஒரு வாரம் எப்படிப் போகிறது எண்டு கேளுங்கள். பிழை வந்தால் பொறுப்புச் சொல்ல ஓர் ஆளையும் அந்த வரைபடத்தில் போடுங்கள். அது இல்லாத இணைப்பை முன்னேற்றம் எண்டு எங்களுக்கு விற்கவேண்டாம்.