புது ஆளுக்கு ‘சப்போர்ட்’ என்ற பெயரில் நடப்பது

வெலிமடை, குருத்தலாவ, சில்மியாபுர, பொரகஸ் பக்கத்துச் சகோதர சகோதரிகளே, தோட்டத்துத் தமிழ் உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

நெட்வேர்க் மார்க்கெட்டிங் செய்யும் தம்பிமார் இப்போது புதுக் கதை ஒன்று சொல்கிறார்கள். “சேர், நாங்க ஆளைச் சேர்த்துட்டுக் கைவிடுறதில்ல. புதுசா வாறவங்களுக்கு முழு சப்போர்ட் குடுக்குறோம்.”

அந்த சப்போர்ட் என்ன? முதல் வேலை, தெரிந்த நூறு பேரின் பெயரை எழுதுவது. மாமா, சாச்சி, கூடப் படித்தவன், பக்கத்து லயத்துக்காரர் எல்லாரும் அதில் வர வேண்டும். பிறகு கம்பனியின் பெயரைச் சொல்லாமல் “நல்ல விஷயம் ஒன்று இருக்கு, வாங்க” என்று கூப்பிடப் பழக்குகிறார்கள். இரவானால் சூம் மீட்டிங். சந்தேகம் கேட்கும் வாப்பாவும் உம்மாவும் ‘நெகடிவ் ஆட்கள்’ ஆகிவிடுகிறார்கள். காசு வரவில்லையென்றால் “உனக்கு நம்பிக்கை போதாது” என்று பழி அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது.

புத்தி சொல்லக்கூடிய ஆட்களிடமிருந்து ஒரு பிள்ளையைப் பிரிப்பதற்குப் பெயரா சப்போர்ட்?

கணக்கைப் பாருங்கள். ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்கிறார். அவர்கள் ஒவ்வொருவரும் ஐந்து பேர். 5, 25, 125, 625, 3,125, 15,625, 78,125. ஏழே படி. மொத்தம் 97,656 பேர். வெலிமடை பிரதேச செயலகப் பிரிவில் தொட்டில் பிள்ளையையும் சேர்த்தாலே ஒரு லட்சம் பேர் அளவில்தான். அந்த 97,656 பேரில் 78,125 பேர் கடைசிப் படியில் நிற்கிறார்கள். அதாவது ஐந்தில் நான்கு பேருக்குக் கீழே ஒருவரும் இல்லை. எட்டாம் படிக்குப் போனாலும் இதே விகிதம்தான். எவ்வளவு டிரெய்னிங் கொடுத்தாலும் ஊரில் ஆள் தொகை கூடாது. ஆகவே தோற்றவர் சோம்பேறி இல்லை. தோற்பதற்கென்றே ஒதுக்கிய இடத்தில் அவரை நிறுத்தியிருக்கிறார்கள்.

“சேர், எங்களிடம் சாமான் இருக்கே” என்பார்கள். கமிஷன் இல்லையென்றால் அதே சாமானை அதே விலைக்கு வெலிமடை டவுன் கடையில் யாராவது வாங்குவார்களா? அதற்கு மட்டும் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். எங்கள் நாட்டு வங்கித்தொழில் சட்டமும் இதைத்தான் பார்க்கிறது: பங்குபற்றுபவருக்கு வரும் நன்மை பெரும்பாலும் ஆட்கள் கூடுவதில் அல்லது அவர்கள் போடும் காசு கூடுவதில் தங்கியிருந்தால் அது தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டம். நடத்துபவர் மட்டுமல்ல, விளம்பரம் செய்பவரும் ஊக்குவிப்பவரும் குற்றவாளிதான். மத்திய வங்கி பெயர்ப் பட்டியலே வெளியிட்டிருக்கிறது.

அந்தப் பட்டியலில் உள்ள எம்டிஎஃப்ஈ 2023 ஓகஸ்டில் விழுந்தது. இலங்கையிலும் பங்களாதேஷிலும் மக்கள் போட்ட காசு போனது. அதிலும் மேலே இருந்தவர்கள் கீழே இருந்தவர்களுக்கு ‘சப்போர்ட்’ கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

தீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. சவூதியின் நிரந்தர பத்வாக் குழு இந்த முறை ஹராம் என்று தீர்ப்புச் சொல்லி இருபது வருடத்துக்கு மேலாகிறது. வட்டி, கரர், ஏமாற்று என்று காரணமும் சொன்னது. மீட்டிங்கை பிஸ்மியோடு தொடங்கினால் அது ஹலாலாகிவிடாது.

இங்கே போடும் காசு எது என்று எல்லாருக்கும் தெரியும். உருளைக்கிழங்கு விதைக்கும் உரத்துக்கும் வைத்த காசு. அடகுக்குப் போன உம்மாவின் வளையல். தோட்டத்தில் முதுகு வளைந்து சேர்த்த ஈபிஎஃப். இதில் பள்ளிக்கூட ஆசிரியர்கள் ஆள் சேர்ப்பதுதான் எனக்குப் பெரிய வெட்கம். பெற்றோர் “சேர்”, “டீச்சர்” என்று வைத்திருக்கும் நம்பிக்கை கமிஷனுக்கு விற்கும் பொருள் இல்லை.

மேலே இருப்பவர்களே, புது ஆளுக்கு உண்மையிலேயே சப்போர்ட் கொடுக்க விரும்பினால் மூன்று வேலை செய்யுங்கள். போன வருடம் போட்டது எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு என்று உங்கள் கணக்கைக் காட்டுங்கள். அவர் இன்னொருவரைச் சேர்ப்பதற்கு முன் நிறுத்துங்கள். அவரால் உங்களுக்குக் கிடைத்த கமிஷனை அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். காசை இழந்துவிட்டு வரும் பிள்ளையை ஏசாதீர்கள். ஏசுவீர்கள் என்ற பயத்தில்தான் போன காசை எடுக்க இன்னும் ஐந்து பேரைத் தேடுகிறது. ரசீதையும் வட்ஸ்அப் மெசேஜையும் அழிக்காமல் வைத்து, பொலிஸுக்கோ மத்திய வங்கிக்கோ கூடவே போங்கள்.