சம்பளம் என்ன சிதம்பர ரகசியமா?

ஆணிடம் சம்பளத்தைக் கேட்காதே, பெண்ணிடம் வயதைக் கேட்காதே என்பார்கள். பெண்ணிடம் சம்பளத்தைக் கேட்கலாமா? அதை யாரும் சொல்லி வைக்கவில்லை!

அமெரிக்காவில் காட்ஸ்டென் என்ற ஊர். அங்கே குட்இயர் டயர் தொழிற்சாலை இருந்தது. 1979-ம் ஆண்டு லில்லி லெட்பெட்டர் என்ற பெண் அதில் வேலைக்குச் சேர்ந்தார். மேற்பார்வையாளர் வேலை. சம்பளத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லி இருந்தார்கள். அவரும் பேசவில்லை. 19 ஆண்டுகள் உழைத்தார்.

துண்டுச் சீட்டு

ஒரு நாள் அவருடைய தபால் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. எழுதியவர் பெயர் இல்லை. 4 பேரின் சம்பளம் மட்டும் இருந்தது. ஒன்று அவருடையது. மற்ற 3 பேரும் அதே வேலை பார்த்த ஆண்கள்.

1997-ம் ஆண்டு இறுதியில் லில்லியின் மாதச் சம்பளம் 3,727 டாலர். அதே பதவியில் 15 ஆண்கள் இருந்தனர். அவர்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286 டாலர். அதிகம் வாங்கியவருக்கு 5,236 டாலர்!

அதோடு போயிற்றா? ஓய்வூதியமும் சம்பளத்தைப் பார்த்துத்தானே வரும்? கிழவியான பிறகும் நட்டம் தொடர்ந்தது.

லில்லி வழக்கு தொடுத்தார். 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கவேண்டும் என்று 2003-ம் ஆண்டு ஜூரிகள் சொன்னார்கள். ஆனால் 2007-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் அவர் தோற்றார். சம்பளத்தைக் குறைத்து முடிவு செய்த 180 நாட்களுக்குள் புகார் செய்திருக்க வேண்டுமாம்! 5 நீதிபதிகள் அப்படிச் சொன்னார்கள். 4 பேர் மறுத்தார்கள். தெரிந்தால் அல்லவா புகார் செய்ய முடியும்?

சம்பளத்தைச் சொன்னால் பொறாமை வரும் என்கிறார்கள். வரலாம். நாலு நாளில் ஆறிவிடும். நம் ஊர் அரசாங்க ஆபீசில் எந்தப் பதவிக்கு என்ன சம்பளம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் எந்த ஆபீசும் கவிழ்ந்து விடவில்லை.

ஊரெல்லாம் தமுக்கு அடிக்க வேண்டாம். கூட வேலை பார்ப்பவரிடம், "எனக்கு இவ்வளவு தருகிறார்கள். உங்களுக்கு எவ்வளவு அண்ணே?" என்று கேட்கலாம். தன் சம்பளத்தை முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். சொல்ல விருப்பம் இல்லாதவரை வற்புறுத்தவும் கூடாது.

2009-ம் ஆண்டு ஜனவரி 29-ந்தேதி, லில்லியின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்டார். குறைந்த சம்பளம் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த 180 நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

லில்லிக்கு அதனால் ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை. 2024-ம் ஆண்டு அவர் காலமானார். வயது 86.