தட்டைக் கேட்டு முனையை வாங்குவோம்

இசைத்தட்டை மீண்டும் கையில் எடுக்கும் தலைமுறை, தட்டைப் படிக்கும் முனையைத் தாங்கிய கார்ட்ரிட்ஜின் தரத்தை விலைப்பட்டியலில் தேடுகிறது. அது தேட வேண்டிய இடம், வீட்டில் இருக்கும் தட்டுகள்.

கொழும்பில் அந்தத் தட்டுகள் எவை? 1925 டிசம்பரில் தொடங்கிய கொழும்பு வானொலி, 1950களில் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பால் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் செல்வாக்குப் பெற்றது. அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனம் காலத்து நேயர்கள் வானொலியில் கேட்டதையே தட்டாகவும் வாங்கினார்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் 78 சுழற்சித் தட்டுகளும் திரைப்பாட்டு ஈ.பி.க்களும், பின்னர் பொப்பிசைத் தட்டுகளும் சேர்ந்தன. 1983 ஜூலை இனக்கலவரத்தில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தன. அழிவுக்குத் தப்பிய ஒவ்வொரு தட்டும் அதனாலேயே அரியது.

1978இல் ‘ப்ரியா’ படப்பாடல்கள் ஸ்டீரியோவில் வரும்வரை தமிழ்த் திரைப்பாட்டு பெரும்பாலும் மோனோதான். மோனோ தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே பதிந்திருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேல்கீழ் அசைவையும் படிப்பதால் தூசியும் தேய்மானமும் இரைச்சலாகச் சேர்கின்றன. 78 தட்டுக்கு ஏறத்தாழ 75 மைக்ரோன் முனை வேண்டும், மோனோ எல்.பி.க்கு 25, ஸ்டீரியோவுக்கு 18. சிறிய முனை அகன்ற பள்ளத்தின் அடியில் இறங்கி அழுக்கைத்தான் படிக்கும். எத்தனை இலட்சம் கொடுத்தாலும் இந்த அளவுக் கணக்கு மாறாது.

விலையைவிட வடிவமைப்பே முக்கியம் என்பதற்கு டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ் நல்ல சான்று. 1960களில் ஜப்பானிய வானொலி நிறுவனமான என்.எச்.கே.யின் தேவைக்காக உருவானது. எளிய உருண்டை முனை, 2.5 கிராம் அழுத்தம். நாள் முழுதும் உழைக்க வேண்டும், ஒன்றைப்போல் மற்றது ஒலிக்க வேண்டும் என்பதே ஒலிபரப்பாளரின் எதிர்பார்ப்பு. அரை நூற்றாண்டு கடந்தும் அது விற்பனையில் இருக்கிறது.

உயர்விலைக் கார்ட்ரிட்ஜ்களின் நுட்பம் பொய்யன்று. முனையைத் தாங்கும் போரோன் தண்டும் கூர்செதுக்கிய வைர முனையும், நன்கு பேணப்பட்ட ஸ்டீரியோ தட்டின் உள்வளையங்களில்கூடத் தெளிவைக் கொண்டுவரும். ஆனால் நகைக்கல்லில் குடைந்த உடலுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அழகுக்கும் அருமைக்கும் போகிறது. மேலும், இவற்றில் பொதுவான நகரும் சுருள் (moving coil) வகையில் முனை தேய்ந்தால் கார்ட்ரிட்ஜைப் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே அனுப்ப வேண்டும். 2022இல் ரூபா சரிந்த நாட்டில் இதுவும் விலையின் ஒரு பகுதி. நகரும் காந்த (moving magnet) வகையில் முனையை நாமே மாற்றலாம். ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திய பின்னும் அதன் கார்ட்ரிட்ஜ்களுக்கான முனைகளை ஜப்பானின் ஜிகோ நிறுவனம் செய்து தருகிறது.

ஆகவே வாங்குமுன் மூன்றைக் கேட்போம்: என் தட்டு எது, முனை பொருந்துமா, தேய்ந்தால் மாற்ற முடியுமா? மறுபதிப்புக் காணாத தமிழ்ப் பாடல்கள் இன்னும் இந்தத் தட்டுகளில்தான் இருக்கின்றன. தேய்ந்த முனையால் ஒருமுறை சிதைந்த பள்ளம் மீளாது. அந்தப் பாடலைச் சேதமின்றி அடுத்த தலைமுறைக்கு எடுத்துத் தருவதே நல்ல கார்ட்ரிட்ஜ்.