இரத்தத்தில் இல்லாத பேதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2022-ஆம் ஆண்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் கறுப்பினக் குழந்தைகளில் சுமார் 11 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. வெள்ளையினத்தில் அவ்வாறு மாண்டவை ஆயிரத்துக்கு 5-க்கும் குறைவே. தாய்மாரின் நிலையும் இதுவே. 2023-இல் பிறப்பு இலட்சத்துக்குக் கறுப்பினத் தாய்மார் சுமார் 50 பேர் பேற்றுக்காலத்தில் உயிரிழந்தனர். வெள்ளையினத் தாய்மார் 15-க்கும் குறைவு.

இவ்வேற்றுமை இரத்தத்தில் ஊறியது என்று கூறுவோர் உண்டு. இக்கூற்று ஆராய்ச்சிக்கு நிற்கவில்லை. இல்லினாய் மாநிலத்தில் 1980 முதல் 1995 வரை நிகழ்ந்த பிறப்புகளை டேவிட், காலின்ஸ் என்னும் மருத்துவர்கள் ஆராய்ந்து 1997-இல் முடிவை வெளியிட்டனர். வெள்ளையினக் குழந்தைகளின் சராசரி எடை 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து அங்குக் குடியேறிய தாய்மாரின் குழந்தைகள் 3,333 கிராம் இருந்தன. அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகளோ 3,089 கிராமே. இரத்தமே காரணமாயின், ஆப்பிரிக்கத் தாய்மாரின் குழந்தைகளன்றோ எடை மிகக் குறைந்திருத்தல் வேண்டும்?

வறுமை மட்டுமே காரணம் என்பதும் பொருந்தாது. பெற்றோர் இருவரும் பட்டதாரிகளாயிருந்த குடும்பங்களை ஆராய்ந்த முடிவு 1992-இல் வெளிவந்தது. அவற்றிலும் சிசு மரணம் ஆயிரத்துக்குக் கறுப்பினத்தில் 10.2, வெள்ளையினத்தில் 5.4.

அப்படியாயின் காரணம், அத்தாய்மார் வாழ்நாள் முழுவதும் நடத்தப்படும் முறையிலேயே பெரிதும் அடங்கியிருத்தல் வேண்டும். மிசிசிப்பி மாநிலம் இதற்குச் சான்று. இனம் பிரித்து நடத்தும் மருத்துவமனைகளுக்கு மத்திய அரசின் பணம் கிடையாது என்ற விதி 1966-இல் உறுதியாக அமலாயிற்று. அதன்பின் அங்குள்ள கிராமங்களில் வயிற்றுப்போக்காலும் நிமோனியாவாலும் மாண்ட கறுப்பினச் சிசுக்களின் தொகை விரைந்து குறைந்தது. மாறியது இரத்தமன்று, கதவு திறந்தது.

எனினும் கதவு திறந்தால் மட்டும் போதாது. உள்ளே வரும் தாயின் சொல்லுக்குச் செவிசாய்த்தலும் வேண்டும். பேற்றுக்காலச் சிகிச்சையில் தாங்கள் தகாத முறையில் நடத்தப்பட்டதாக அந்நாட்டுக் கறுப்பினத் தாய்மாரில் பத்துக்கு மூவர் கூறியதை 2023-இல் வெளியான அரசாங்க அறிக்கை தெரிவிக்கிறது.

சராசரி எண் இத்தகைய துயரத்தை மறைத்துவிடும். நம் நாட்டில் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சிசு மரணத்தைச் சாதிப் பிரிவுவாரியாகவும் காட்டுவது இதனாலேயே பயனுடையது. களப்பணியாளரின் பதிவேடும் அவ்வாறே அமைதல் நன்று. எத்தனை சிசுக்கள் மாண்டன என்பதோடு, யாருடைய சிசு மாண்டது, அத்தாய் உதவி கோரியது எப்போது, உதவி வந்தது எப்போது என்பனவும் அதில் இடம்பெறுதல் வேண்டும்.