பகடையை எக்ஸெல் உருட்டலாமா?

1974ல் அமெரிக்காவில் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், நண்பர்கள் மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் கேம். ஒவ்வொரு பாத்திரத்திற்கும் வலிமை, அறிவு என ஆறு திறன்கள். ஒவ்வொன்றிற்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டுவது பழைய முறை.

பகடை இல்லை என்றால் எக்ஸெல் உதவும். ராண்ட்பிட்வீன் பங்ஷனில் 3, 18 எனக் கொடுத்தால் போதும் என்று தோன்றும். இது தவறு. மூன்று பகடைகளில் 18 விழ 216ல் ஒரு வாய்ப்புதான். இதிலோ 16ல் ஒன்று. 1, 6 எனக் கொடுத்த பங்ஷனை மூன்று முறை எழுதிக் கூட்டுவதே சரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. எப்9 கீயை அழுத்தினால் எண்கள் மாறிவிடும். 1998ல் வந்த பால்டர்ஸ் கேட் கம்ப்யூட்டர் கேமிலும், விரும்பும் வரை மீண்டும் உருட்டிட பட்டன் உண்டு. தனியாக ஆடினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நண்பர்களில் ஒருவர் மட்டும் நல்ல எண் வரும்வரை அழுத்தினால், மற்றவர்கள் மாதக்கணக்கில் பின்தங்கியே ஆட வேண்டும்.

எனவே என் சிபாரிசு, 2014 பதிப்பில் உள்ள புள்ளி முறை. அனைவருக்கும் 27 புள்ளிகள். 8 மதிப்பு இலவசம். உச்சமான 15க்கு 9 புள்ளிகள் செலவாகும். எக்ஸெல்லைக் கணக்குப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். நண்பர்களுக்குள் சந்தேகம் வராது.