நாற்காலியில் மானேஜர், சாவி யாரிடம்?

"எங்கள் கம்பெனியை இனி குடும்பம் நடத்தவில்லை. படித்த, திறமைசாலியான வெளியார் நடத்துகிறார்" என்று பெரிய குடும்பக் கம்பெனிகள் தம்பட்டம் அடிக்கின்றன. முதலாளிமார் பத்திரிகைகளும் ஒத்து ஊதுகின்றன. பரம்பரை ஆட்சி ஒழிந்ததாம்; திறமையின் ஆட்சி பிறந்ததாம்; தொழிலாளிக்கும் இனி நல்ல காலமாம்!

நல்ல காலம் யாருக்கு? பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். மகன், மருமகன், மைத்துனன் என்று தகுதி பாராமல் உட்கார வைக்கப்பட்டவர்களால் நொடித்துப்போன ஆலைகள் உண்டு. கல்லாவில் கைவைத்தவன் வாரிசு. வேலையிழந்து தெருவில் நின்றவன் தொழிலாளி. ஆகவே, தொழில் தெரிந்த வெளியார் வருவதை நாம் எதிர்க்கவில்லை. நமது கேள்வி வேறு: வந்தவர் கைக்குப் போனது வேலை மட்டுமா, அதிகாரமுமா?

வெளியாரை அமர்த்துவது புதுமையும் அல்ல. செட்டிநாட்டு லேவாதேவிக் கடைகள் பர்மாவில் எப்படி நடந்தன? முதலாளி ஊரில் இருந்தார். ரங்கூனிலும் ஐராவதி டெல்டாவின் சிற்றூர்களிலும் கடையை நடத்தியவர் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். மேலாளுக்கு மூன்று வருஷத் தவணை. கடன் கொடுப்பதும் வசூலிப்பதும் அவர் பொறுப்பு. லாபமோ கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தது.

1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாத விவசாயியின் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930-ல் நிலத்தில் சுமார் 6 சதவிகிதமே இக்கடைகள் வசம் இருந்தது. 1938-ல் அது 25 சதவிகிதம்! நிலத்தை இழந்த பர்மிய விவசாயி கண்டது மேலாளின் முகத்தை. நிலம் சேர்ந்ததோ முதலாளியின் விலாசத்துக்கு. வசவு ஒருவருக்கு, வரவு இன்னொருவருக்கு!

இன்றைய கதைக்கு வருவோம். டாபர் கம்பெனியின் பர்மன் குடும்பம் 1998-ல் அன்றாட நிர்வாகத்தை வெளியாரிடம் விட்டது. நவீனம் என்று பாராட்டினார்கள். பங்குகளை விட்டதா? இல்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குடும்பத்தின் பிடியிலேயே நின்றது.

டாட்டா சன்ஸில் நடந்ததை நாடே பார்த்தது. அதன் பங்குகளில் சுமார் 66 சதவிகிதம் டாட்டா டிரஸ்டுகளிடம் இருக்கிறது. டாட்டா என்ற பெயர் இல்லாத சைரஸ் மிஸ்திரி 2012-ல் தலைவரானார். அவரே சாதாரணர் அல்ல. 18 சதவிகிதப் பங்கு வைத்திருந்த பெருமுதலாளிக் குடும்பத்தின் பிள்ளை. அப்படிப்பட்டவரும் 2016 அக்டோபர் 24 அன்று ஒரே கூட்டத்தில் வெளியேற்றப்பட்டார். 2021-ல் சுப்ரீம் கோர்ட்டும் அந்த நீக்கம் செல்லும் என்றது. அவருக்கே இந்தக் கதி என்றால், பங்கில்லாத சம்பளக்கார மானேஜரின் அதிகாரம் எம்மாத்திரம்?

2017-ல் அந்த நாற்காலிக்கு நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்த சந்திரசேகரன் வந்தார். கிராமத்துப் பையன் உயர்ந்ததில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவர் மாறினாரே ஒழிய, நாற்காலிக்குச் சொந்தக்காரர் மாறவில்லை.

இந்த ஏற்பாட்டின் பலனை ஆலை வாசலில் பார்க்கலாம். போனஸ் பேசத் தொழிலாளர் பிரதிநிதிகள் போகிறார்கள். "எனக்கு அதிகாரம் இல்லை, போர்டைக் கேட்க வேண்டும்" என்கிறார் மானேஜர். முதலாளி வீட்டுக்குப் போனால், "நிர்வாகத்தில் நாங்கள் தலையிடுவதில்லை" என்று பதில் வருகிறது. ஆட்குறைப்புக்கு மட்டும் மானேஜரின் அதிகாரம் எங்கிருந்தோ முளைத்துவிடுகிறது! டிவிடெண்டு வாங்கும்போது மட்டும் குடும்பம் தலையிட மறப்பதில்லை!

விபத்து என்றால் கண்ணாமூச்சி இன்னும் கொடியது. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, ஆலையின் மீது இறுதி அதிகாரம் உள்ளவரே பொறுப்பாளியாக இருந்தார். கம்பெனிகள் என்ன செய்தன? சம்பளத்துக்கு இருக்கும் ஓர் அதிகாரியின் பெயரை அந்த இடத்தில் எழுதிக் கொடுத்தன. தொழிலாளி செத்தால் கூண்டில் ஏறுவது அந்த அதிகாரி! போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பின், 1987-ல் சட்டம் திருத்தப்பட்டது: கம்பெனியானால் டைரக்டர்களில் ஒருவரே பொறுப்பாளி. இதை எதிர்த்துக் கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின. 1996-ல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கையை விரித்தது: டைரக்டர் அல்லாத அதிகாரியை முன்னே தள்ளிவிட்டு டைரக்டர்கள் ஒளிந்துகொள்ள முடியாது என்றது.

வெளியாரின் திறமைதான் முதலாளிகளுக்கு வேண்டும் என்றால், தண்டனையைச் சுமக்கவும் அந்த வெளியாரைத் தேடியது ஏன்? பதில் சொல்வார்களா?

மானேஜர் நமது பிரதான எதிரி அல்ல. அவரும் மாதச் சம்பளக்காரர். லாபம் குறைந்தால் அவர் சீட்டும் கிழிக்கப்படும். ஆனால் முதலாளியின் கேடயமாக அவர் நிற்கும் வரை, கேடயத்தோடு மட்டும் மல்லுக்கட்டிக் களைத்துப் போவது தொழிலாளிக்கு அழகல்ல.

ஆகவே தோழர்களே, பேச்சுவார்த்தை மேஜைக்குப் பங்குக்குச் சொந்தக்காரர்கள் வரவேண்டும் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் இறுதி அதிகாரம் உள்ளவரின் கையெழுத்தைக் கேளுங்கள். ஆலையின் சட்டப் பொறுப்பாளி யார் என்று பெயர் கேட்டு, அதைச் சங்கப் பலகையில் எழுதிப் போடுங்கள். கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

லாபம் எந்த வீட்டுக்குப் போகிறதோ, பொறுப்பும் அந்த வீட்டு வாசற்படியேறட்டும்!