திறந்த மூலமென்றால் எதையும் சேர்க்கலாமா?

"எல்லாமே திறந்த மூலம்தானே, செருகுநிரலில் எந்த லைப்ரரியைச் சேர்த்தால் என்ன?" நிரலாளர்களிடையே அடிக்கடி கேட்கும் பேச்சு இது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

திறந்த உரிமங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அப்பாச்சி 2.0 உரிமத்தில், அந்த மென்பொருள் தன் காப்புரிமையை மீறுவதாக வழக்குத் தொடுப்பவர் அதில் தமக்குள்ள காப்புரிமை அனுமதியை இழப்பார் என்றொரு நிபந்தனை உண்டு. ஜிபிஎல் 2 உரிமத்தில் அந்த நிபந்தனை கிடையாது. புதிய கட்டுப்பாடு எதையும் கூட்டக் கூடாது என்றும் ஜிபிஎல் 2 சொல்கிறது. அதனால் இரண்டையும் ஒரே நிரலாக்கி வெளியிட முடியாது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. 2007-இல் வந்த ஜிபிஎல் 3 இந்த முடிச்சை அவிழ்த்தது. வேர்ட்பிரஸின் உரிமம் 'ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தையது' என்றிருப்பதால், அப்பாச்சி லைப்ரரி கொண்ட செருகுநிரலை ஜிபிஎல் 3-இன்கீழ் வெளியிடலாம். 'அல்லது பிந்தையது' என்ற சொற்கள் இல்லாத திட்டத்தில் அந்த வழி கிடையாது. இந்த இரண்டு சொற்களைப் படிக்காமலே மாதக்கணக்கில் உழைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

"செருகுநிரல் தனி நிரல், தாய்நிரலின் உரிமம் அதை எப்படிக் கட்டுப்படுத்தும்?" இணையும் விதத்தைப் பொறுத்தது. தனிச் செயல்முறையாக ஓடி எளிய தகவல்களை மட்டும் பரிமாறினால் இந்த வாதத்துக்கு வலு உண்டு. ஒரே நினைவகத்தில் ஏறி, தாய்நிரலின் தரவுக் கட்டமைப்புகளைப் பகிர்ந்தால் இரண்டும் ஒரே படைப்பு என்கிறது அறக்கட்டளை. சட்ட வல்லுநர்கள் எல்லோரும் இதை ஏற்பதில்லை. ஆனால் ஜிசிசி கம்பைலர் சண்டைக்கு இடம் வைக்கவில்லை: 2010-இல் வந்த 4.5 பதிப்பில் செருகுநிரல்களுக்கு வழிவிட்டபோதே, 'ஜிபிஎல்லுக்குப் பொருந்துவேன்' என்று அறிவிக்கும் குறியீடு இல்லாத எதையும் ஏற்ற மறுத்தது.

"அப்படியானால் சோதனையைக் கருவியே பார்த்துக்கொள்ளுமே?" பார்க்காது. ஜிசிசி தேடுவது அந்தக் குறியீட்டின் பெயரை மட்டும்தான். உள்ளிருக்கும் நிரலை யார் எழுதினார்கள், எந்த உரிமத்தில் என்று அது ஆராய்வதில்லை. லினக்ஸ் கெர்னலில் 2004-இல் அம்பலமான மோடம் டிரைவர் விவகாரம் இதற்குச் சான்று. அந்த டிரைவரின் உரிம வரியில் 'ஜிபிஎல்' என்ற எழுத்துகளுக்குப் பின் ஒரு பூஜ்ய பைட்டை வைத்து, அதையடுத்து '"ஜிபிஎல்" என்ற அடைவிலுள்ள கோப்புகளுக்கு மட்டும்' என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். சி மொழியில் பூஜ்ய பைட்டோடு சரம் முடிந்துவிடும். அதனால் கெர்னல் 'ஜிபிஎல்' என்பதோடு படிப்பதை நிறுத்திக்கொண்டு, முழு டிரைவரையும் ஜிபிஎல் என்றே எடுத்துக்கொண்டது.

"சின்னத் திட்டத்துக்கு யார் வழக்குப் போடுவார்கள்?" வழக்கு வராமல் போகலாம். ஆனால் டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்கள் பொருந்தாத உரிமக் கலவையைத் தங்கள் தொகுப்பில் சேர்ப்பதில்லை. ஆகவே லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கும் அன்றே அதன் உரிமக் கோப்பையும், அது சார்ந்திருக்கும் லைப்ரரிகளின் உரிமங்களையும் நீங்களே திறந்து படியுங்கள்.